ஈத்து நோட்டு

எங்கள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் நீளமான தாழ்வாரம் ஒன்று உண்டு. கோணிச்சாக்கை நாலாக மடித்து அங்கே விரித்து, அதன்மேல் ஒரே ஒரு நாய்க்குட்டியை விட்டு, எதிரே என்னைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வார் பெரியப்பா. குட்டிக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கும். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்வது என் வேலை. பேசக் கூடாது. தரையைத் தட்டக் கூடாது. பெரியப்பா கதவுக்கு அந்தப் பக்கம், குட்டியின் கண்ணில் படாமல் நின்று, இடுப்பில் செருகியிருக்கும் சாவிக்கொத்தை ஒரே ஒரு முறை குலுக்குவார். காது மடல் விறைத்ததா, தலை திரும்பியதா, எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து நான் நோட்டில் எழுத வேண்டும். 'கேட்டது' அல்லது 'கேட்கவில்லை'. இரண்டில் ஒன்று.

சாக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "காது கேக்காத குட்டி பாதத்தால கேக்கும் பாப்பா. நான் கதவுகிட்ட வர்றது தரை வழியா அதுக்குத் தெரிஞ்சுரும். அது நம்மளை ஏமாத்தாது, நாமதான் ஏமாந்து போவோம்" என்றார்.

ராஜபாளையம் நாயை வளர்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, ஆளை ஊடுருவிப் பார்க்கும் கண் என்று எதற்காக அந்த நாயை ஊர் உலகம் கொண்டாடுகிறதோ, அதோடு ஒட்டிப் பிறந்த குறை செவிடு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகிற உயிரணுக்கள் உட்காதுக்குள்ளும் இருந்தாக வேண்டும். அவை அங்கே போய்ச் சேராத குட்டிக்கு, காதுத் துளை திறந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் உள்ளே சத்தத்தை வாங்கும் உயிரணுக்கள் பட்டுப்போய்விடும். பிறகு ஆயுளுக்கும் மீளாது. டால்மேஷியன் நாய்க்கும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த டால்மேஷியன்களில் 100-க்கு 8 முழுச் செவிடு, 22-க்கு ஒரு காது மட்டும் கேட்காது என்று பிற்பாடு படித்தேன். பெரியப்பாவிடம் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. சாக்கும் சாவிக்கொத்தும் நோட்டும்தான் இருந்தன.

அவர் 1932-ல் பிறந்தவர். என் அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் குடும்பத்துக்கு பேண்டேஜ் துணித் தறி. ராஜபாளையம், சத்திரப்பட்டி பக்கம் வீட்டுக்கு வீடு அந்தத் தறிச் சத்தம்தான். பெரியப்பா மட்டும் தறியில் உட்காராமல் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராகப் போய்விட்டார். ஊரில் அவருக்கு 'டிராயிங் சார்' என்றுதான் பெயர். நாய் பார்க்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார்கள். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன்.

சுண்ணாம்புக்கட்டியைக் கையில் எடுத்தாரானால் சிமெண்டுத் தரையில் நாயை மூன்றே கோட்டில் போட்டுவிடுவார். பிடரியிலிருந்து வால் நுனி வரை ஒரு கோடு. தொண்டையில் தொடங்கி நெஞ்சுக்கு இறங்கி வயிற்றில் ஏறித் தொடைக்குப் போகும் இன்னொன்று. தோளிலிருந்து முன்னங்கால் தரையைத் தொடும் வரை மூன்றாவது. "இந்த மூணும் சரியா இருந்தா மீதி எல்லாம் தன்னால வந்து உக்காரும். இதுல ஒண்ணு தப்பிச்சுன்னா எவ்வளவு வெள்ளையா இருந்தும் புண்ணியமில்ல" என்பார். எனக்கு எட்டு வயதிலேயே நாய்க்குப் பல் 42, மேலே 20, கீழே 22 என்று தெரியும். மேல் வரிசைப் பல் கீழ் வரிசையைக் கத்தரிபோல உரசி மூட வேண்டும் என்பதும், கடுவன் குட்டிக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். பெண்பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித் தருகிறாரே என்று வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் முணுமுணுத்ததுண்டு. பெரியப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நாய் வளர்ப்பு என்றால் ஜனங்கள் சங்கிலியையும் சோற்றையும் நினைக்கிறார்கள். அவருக்கு அது ராத்திரி வேலை. சேர்க்கை நடந்த நாளிலிருந்து 63 நாள் என்று நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போடுவார். 58-ம் நாளிலிருந்து தாழ்வாரத்தில்தான் படுக்கை. தறியில் கழிந்த பேண்டேஜ் துணியை வெந்நீரில் வேகவைத்துக் காயப்போட்டு மூட்டை கட்டி வைத்திருப்பார். குட்டி விழ விழ அதில்தான் துடைத்து எடுப்பது. நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பொட்டை நாய் மூச்சு வாங்கி, திரும்பித் தன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். பையோடு வந்து விழுகிற குட்டியை அதுவே கிழித்து நக்கும் வரை பெரியப்பா கையை நீட்ட மாட்டார். அது தாமதித்தால் மட்டும் விரலால் மூக்கருகே கிழித்துவிட்டு உடனே கையை எடுத்துக்கொள்வார். ஒருமுறை ஏழாவது குட்டி அசைவில்லாமல் விழுந்தது. பேண்டேஜ் துணியில் சுற்றி, தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, முதுகில் தேய்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, விளக்கைப் பிடித்த என் கை மரத்துப்போயிற்று. பிறகு பூனை தும்முவது போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. பெரியப்பா தோள்துண்டால் தன் முகத்தைத்தான் முதலில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிகளை ஆள் மாற்றி ஆள் தூக்க வைப்பார். என் வகுப்புப் பிள்ளைகள், தபால்காரர், தறிக்காரர்கள், பால் ஊற்ற வரும் அக்கா என்று யார் வந்தாலும் ஒரு குட்டியைக் கையில் கொடுத்துவிடுவார். ராஜபாளையம் நாய் ஓர் ஆளோடு ஒட்டிக்கொள்ளும், மற்ற ஆளைச் சேர்க்காது. அது பெருமை என்று எங்கள் ஊரில் பேசுவார்கள். பெரியப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பயந்த நாய்தான் கடிக்கும் என்பதற்கு அவர் இடது மணிக்கட்டில் நாலு பல் தடம் சாட்சியாக இருந்தது. இந்த நாய்கள் பாளையக்காரர் காலத்தில் வெள்ளைக்காரன் முகாமுக்குள் புகுந்து குதிரைகளைக் கடித்தன என்று யாராவது ஆரம்பித்தால், "எதுல எழுதியிருக்கு, கொண்டாங்க பாப்போம்" என்று நிஜமான ஆவலோடு கேட்பார். யாரும் கொண்டுவந்து தந்ததில்லை.

இனி, எழுதத் தயங்கித் தள்ளிப்போட்ட ஒன்றை எழுத வேண்டும்.

அந்தக் காலத்தில் செவிட்டுக் குட்டியை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பலர் கிணற்றடியில் குழி வெட்டி முடித்துவிடுவார்கள். பெரியப்பாவும் வைத்துக்கொண்டதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுவிட்டு வருவார். அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார், ஆனாலும் கொண்டுபோவார். காவலுக்கு வாங்குகிறவன் வீட்டில் செவிட்டு நாய் இருந்தால் ஆளும் போவான், நாயும் போகும் என்பது அவர் நியாயம். நோட்டில் 'கேட்கவில்லை' என்று நான் எழுதினால் அந்தக் குட்டி மறுநாள் இருக்காது. எனக்கு அது தெரியும்.

1979-ல் ஆறு குட்டி. அதில் ஒரு பொட்டைக்குட்டிக்குப் பஞ்சு என்று நான் பெயர் வைத்திருந்தேன். தட்டில் கஞ்சியை ஊற்றி மற்ற ஐந்தும் சத்தம் கேட்டு விழுந்தடித்து ஓடும்போது இது மட்டும் சுருண்டு தூங்கும். அவை கிளம்பும் அசைவு உடம்பில் பட்டால்தான் எழும். அப்போதே எனக்குச் சந்தேகம். சோதனை நாளில் சாக்கின்மேல் அதை உட்காரவைத்ததும் அது என் முகத்தை அப்படிப் பார்த்தது. சாவிக்கொத்து குலுங்கியது. காது அசையவில்லை. "பாப்பா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "திரும்புச்சு பெரியப்பா" என்றேன். இரண்டாம் முறை குலுக்கினார். என் விரலை அது திரும்ப வேண்டிய பக்கம் லேசாக நகர்த்தினேன். குட்டி விரலைப் பார்த்துத் திரும்பியது. 'கேட்டது' என்று எழுதினேன். எனக்கு வயது 12.

எட்டு வாரம் கழித்து, மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் பஞ்சுவை வாங்கிப் போனார். நான் அழவில்லை. அது உயிரோடு இருக்கிறதே என்றுதான் இருந்தது. நாலு மாசம் கழித்து ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். டிராக்டரைப் பின்னால் எடுத்திருக்கிறார்கள், பஞ்சு வழியில் படுத்திருந்திருக்கிறது. "எல்லாரும் கத்துனோம் சார். எந்திரிக்கவே இல்ல. எப்பக் கூப்பிட்டாலும் வராது சார், திமிரு புடிச்ச நாயின்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்றார். திமிர் என்று நினைத்து அதை அடித்தும் இருக்கிறார்கள். அதை அவரே சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் போன பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். நோட்டு அவர் மடியில் இருந்தது. "அன்னைக்குத் திரும்புச்சா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். என்னால் நிற்க முடியவில்லை. பெரியம்மாதான் வந்து என்னைத் தூக்கினார். பெரியப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை, அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோப்புக்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து எந்தச் செவிட்டுக் குட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பின்கட்டில் அவற்றுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார். விற்க மாட்டார், யாருக்கும் கொடுக்க மாட்டார், சேர்க்கைக்கு விடவே மாட்டார். கையை உயர்த்தினால் உட்கார், உள்ளங்கையைக் காட்டினால் நில், தொடையைத் தொட்டால் வா என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார். டிராயிங் மாஸ்டர் கை அல்லவா, அவை அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்காது. சோதனையையும் மாற்றினார். ஒரே நாளில் முடிக்காமல் மூன்று வெவ்வேறு நாள், எதிரே மூன்று வெவ்வேறு ஆள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்க்கக் கூடாது. என்னை அதிலிருந்து விலக்குவார் என்று நினைத்தேன். விலக்கவில்லை. முதல் ஆள் எப்போதும் நான்தான்.

80-களின் தொடக்கத்தில் பார்வோ வந்தது. 1978-ல்தான் உலகத்துக்கே தெரியவந்த நோய் அது. எங்கள் பக்கம் வந்தபோது அதற்குப் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ரத்தமும் சளியுமாகக் கழிச்சல், அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகாது. இரண்டு ஈத்துக் குட்டிகள், மொத்தம் பதினொன்று, ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனால் ஊற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தோம். ஃபினாயில் ஊற்றிக் கழுவிக் கழுவிப் பார்த்தார். ஃபினாயிலுக்கு அது சாகாது, பிளீச்சிங் பவுடர்தான் கேட்கும், மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும் என்று வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்த ஒரு இளம் டாக்டர் வந்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. சாக்கு, துணி, மரப்பெட்டி எல்லாவற்றையும் கொளுத்தினார். தரையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி ஒரு வருஷம் முழுக்க எந்தக் குட்டியையும் அங்கே விடாமல் போட்டுவைத்தார்.

அந்த ஒரு வருஷம்தான் அவரை நாய்க் கண்காட்சி நீதிபதி ஆக்கியது என்று நினைக்கிறேன். கையில் குட்டி இல்லாததால் சனி, ஞாயிறு ஊர் ஊராகப் போனார். சாத்தூர், கோவில்பட்டி பக்கம் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வைத்திருந்த சம்சாரிகளைத் தேடிப் போவார். கம்பம் பள்ளத்தாக்கில் கோம்பைக்குப் போய் அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய செவலை நாய்களைப் பார்த்து வருவார். நாயை எடைபோட்டு, உயரம் அளந்து, கோடு போட்டு வரைந்துகொண்டு வருவார். சிப்பிப்பாறைக்காரர்கள் நாயைப் பற்றிப் பேசும்போது அழகைச் சொல்ல மாட்டார்கள், ஓட்டத்தைத்தான் சொல்வார்கள். முயல் பிடிக்கிற நாய் அது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அனுமதி இல்லாத முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. சட்டம் சரிதான் என்பார் பெரியப்பா. ஆனால் அதுவரை ஓட்டம் என்கிற ஒரு சோதனை இருந்தது, ஓடாத நாய்க்கு வாரிசு கிடையாது. இனிமேல் எதை வைத்து எது நல்ல நாய் என்று முடிவு செய்வது? காவல் நாய்க்கும் இதே கேள்வி. நிறத்தை வைத்து முடிவு செய்யத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பது அவருக்குத் தாழ்வாரத்தில் தெரிந்திருந்தது.

நாய் ஷோ ரிங்கில் ஜட்ஜுக்கு உதவும் ஸ்டூவர்டாக நின்று, நோட்டுப் பிடித்து, தேர்வெழுதி, நாட்டு நாய்களுக்கு ஜட்ஜாக அவர் நின்றபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அந்த வட்டாரத்தில் அப்போது எஸ்டேட்காரர்களும் ராணுவ அதிகாரிகளும்தான் அதிகம். பெரியப்பா ஒரே பிரவுன் கோட்டைப் போட்டுக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷை நிறுத்தி நிதானமாகப் பேசுவார். மதராஸுக்கு நாயோடு போக வேண்டியிருந்த காலங்களில் கொல்லம் மெயிலில் கார்டு வண்டி நாய்ப்பெட்டிக்குச் சீட்டுப் போட்டு, வண்டி நிற்கிற ஸ்டேஷனிலெல்லாம் இறங்கி ஓடித் தண்ணீர் காட்டிவிட்டு ஓடி வந்தவர் அவர். மே மாதம் ஊட்டி ஷோவுக்கு அழைப்பு வந்தபோது பெரியம்மா அந்தக் கோட்டுக்குப் புதுப் பட்டன் தைத்துக் கொடுத்தார். நான் அப்போது மதுரையில் வங்கி வேலையில் சேர்ந்திருந்தேன். லீவு போட்டு ஸ்டூவர்டாகக் கூடப் போவேன்.

அவர் நாயைப் பார்க்கிற விதத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. முதலில் பத்தடி தள்ளி நின்று வெறுமனே பார்ப்பார். பிறகு பக்கவாட்டில் நெருங்கி, உள்ளங்கையை மடக்கிப் புறங்கையைத் தாழ்வாகக் காட்டி, நாய் முகர்ந்த பிறகுதான் தொடுவார். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகவே மாட்டார். உதட்டை விலக்கிப் பல். தோள் எலும்பின் சாய்வு. இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே உள்ளங்கையை வைத்து நெஞ்சின் அகலம். விலா எலும்பு ஒவ்வொன்றாக, வீணைக் கட்டையைத் தடவுகிற மாதிரி. இடுப்பு, தொடைச் சதை, வால் வேர். பிறகு நேராக ஒரு நடை, முக்கோணமாக ஒரு நடை. நடையைப் பார்க்கும்போது கோட்டுப் பையில் இருக்கும் சுண்ணாம்புக்கட்டியை விரல் உருட்டிக்கொண்டே இருக்கும். தோற்றுப் போனவர்கள் வந்து கேட்டால், ஷோ முடிந்த பிறகு தரையில் கோடு போட்டு எது எங்கே தப்பியது என்று காட்டுவார். கம்பளியும் வேட்டியுமாக, காலில் செருப்பில்லாமல் கோம்பை கொண்டுவந்த ஒரு கிழவருக்கு, மண்டியிட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வெளியூர் ஷோ. ராஜபாளையம் வகுப்பில் ஐந்து நாய்கள். அதில் ஒரு கடுவன் மற்ற நாலையும் மங்கச் செய்துவிட்டது. மாசு மருவற்ற வெள்ளை. மூன்று கோடும் சரி. எனக்கே கை துறுதுறுத்தது. பெரியப்பா தொட்டுப் பார்த்து முடித்து, முகபாவம் பார்க்க ஜட்ஜுகள் செய்வதுபோல அதன் வலப்பக்கத்தில் சாவிக்கொத்தைக் குலுக்கினார். நாய் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. கொஞ்சம் பொறுத்து இடப்பக்கம் குலுக்கினார். இடப்பக்கம் திரும்பியது. மறுபடி வலம். மறுபடியும் இடப்பக்கமே. ஒரு காது மட்டும் கேட்கிற நாய்க்குச் சத்தம் எங்கிருந்து வந்தாலும் கேட்கிற காதுப் பக்கமிருந்து வருவதாகத்தான் தோன்றும். வீட்டில் அது எந்தக் குறையும் இல்லாமல் நடமாடும். வைத்திருப்பவருக்கே தெரியாது. மின்கம்பி வைத்து மூளையின் அலையைப் பதிவு செய்கிற சோதனை செய்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

வகுப்பில் அதற்கு முதலிடம் கொடுத்தார். சாம்பியன் பட்டத்துக்குக் கணக்காகிற சான்றை மட்டும் நிறுத்திவைத்தார். தரம் போதாது என்று நினைத்தால் சான்றைத் தராமலிருக்க ஜட்ஜுக்கு உரிமை உண்டு. உரிமையாளர் கொதித்துப்போனார். முதல் பரிசு கொடுத்த நாய்க்குத் தரம் எப்படிப் போதாமல் போகும் என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. பெரியப்பா அவரைத் தனியே அழைத்துப்போய், "ஐயா, காதைச் சோதிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் சேர்க்கைக்கு விட்டுராதீங்க. இந்த நாய்க்கு நாளைக்கு ஐம்பது பொட்டை வரும்" என்றார். அவர் கேட்கவில்லை. புகார்க் கடிதம் போயிற்று, விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. திருமங்கலம் தாண்டியதும், "தப்புப் பண்ணிட்டேனோ பாப்பா" என்றார். நிறம், உயரம், பல், நடை என்று எழுதிவைத்த இலக்கணத்தை வைத்துத்தான் ரிங்கில் நாயை அளக்க வேண்டும். சத்தமும் கூட்டமுமான இடத்தில் ஒரு சாவிக்கொத்தை நம்பி முடிவெடுத்தது ஜட்ஜின் வேலைதானா, வளர்க்கிறவனின் வருத்தத்தை ஜட்ஜின் பேனாவால் எழுதிவிட்டேனா என்பது அவர் குழப்பம். சாகும் வரை அவருக்கு அது தீரவில்லை. நான் அன்றும் சரி என்றுதான் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். ஒரு கடுவனின் பட்டம் அதன் கழுத்தோடு நிற்பதில்லை. ஊர் ஊராகக் குட்டிகளாக இறங்கும்.

வீட்டில் அவர் செய்தது வேறு. காதில் தவிட்டு நிறத்தில் ஒரு திட்டு இருந்த பொட்டைகளைத்தான் தாய்க்குத் தேர்ந்தெடுப்பார். அந்தத் திட்டு இருந்தால் செவிட்டுக் குட்டி குறைகிறது என்று தன் நோட்டிலிருந்தே கண்டுபிடித்திருந்தார். ஆனால் ஊருக்கு அது மறை விழுந்த நாய், கலப்பு. "டிராயிங் சார் வீட்டுலயே கலப்பு நிக்குது" என்று பேசினார்கள். அவற்றை அவர் ஒருநாளும் ரிங்குக்குக் கொண்டுபோனதில்லை. "ரிங்குல நிக்கிறதுக்கு இதோட பிள்ளை போகும். இது வீட்டுல நிக்கட்டும்" என்பார். அந்தப் பொட்டைகளில் ஒன்று அவர் கட்டில் காலடியில் பதினாலு வருஷம் படுத்திருந்தது.

2005-ல் தபால் துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ச்சல் நாய், ராம்பூர், முதோல், அப்புறம் எங்கள் ஊர் நாய். பெரியப்பா தபாலாபீஸில் வரிசையில் நின்று முழுத் தாளாக வாங்கிவந்தார். ஒன்றைக்கூட ஒட்டவில்லை. ஈத்து நோட்டில் அந்த வருஷத்துப் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டார். நாட்டு நாய்களைப் பற்றி விடாமல் எழுதிவந்த சு. தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகளையும் பத்திரிகைகளிலிருந்து வெட்டி அதே நோட்டுகளில்தான் ஒட்டியிருக்கிறார். 2017-ல் நாய் வளர்ப்புக்கு மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. 18 மாசத்துக்கு முன் பொட்டையைச் சேர்க்கைக்கு விடக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. பேப்பரை நான்தான் படித்துக் காட்டினேன். அவர் கண் அப்போது மங்கிவிட்டது. "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். எட்டு வாரம் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, பெரியம்மாவைக் கூப்பிட்டு அவர் காதிலும் விழும்படி மறுபடி படிக்கச் சொன்னார். மறு வருஷம் போய்விட்டார், 86 வயதில்.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லிப் பேசினார். முதோல், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் பெயர் சொல்லி. பெரியப்பா இருந்திருந்தால் அன்றைக்குப் பாயசம் வைத்திருப்பார். ஆனால் அதற்கடுத்த மாதங்களில் எனக்கு வந்த போன்கள் என்னைத் தூங்கவிடவில்லை. டிராயிங் சார் வீட்டு வம்சம் இருக்கிறதா, வெள்ளையாக இருக்குமா, மூக்கு ரோஸாக இருக்குமா? காது கேட்குமா என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை. முப்பது நாள் குட்டியைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு பஸ் நிலையத்தில் கைமாற்றுகிறார்கள். செவிடு என்று தெரிந்தே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் அதைத் திமிர் என்று நினைத்து அடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்த அடி கேட்கிறது.

போன வருஷம் ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். கால்நடை மருத்துவம் படித்தவர். எட்டுப் பொட்டை, மூன்று கடுவன் வைத்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் காதுச் சோதனை செய்து சான்று வாங்கி வைத்திருக்கிறார். அவற்றின் முன்னோர் எந்த ஈத்து, அதில் எத்தனை செவிடு என்று பார்க்க நோட்டு வேண்டும் என்றார். பீரோவிலிருந்து இருபத்து மூன்று நோட்டையும் எடுத்துத் தாழ்வாரத்தில் பரப்பினேன். வெகு நாளாக நான் அவற்றைத் திறக்கவில்லை. அவர் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, வேண்டிய பக்கத்தில் தாள் வைத்துக்கொண்டே போனார். 1979-க்கு வந்தபோது, "அம்மா, இது என்ன?" என்று நோட்டை என் பக்கம் திருப்பினார்.

என் குண்டுக் கையெழுத்தில் 'கேட்டது'. அதன்மேல் பெரியப்பாவின் மையில் ஒற்றைக் கோடு. பக்கத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதி, வருகைப் பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் வாத்தியார்கள் போடுவார்களே, அதுபோலத் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுத் தேதியும் எழுதியிருந்தார். தோப்புக்காரர் வந்து போன அதே நாள். சோதித்தவர் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. அந்த ஈத்தில் மற்ற ஐந்து குட்டிக்கும் என் பெயர் இருந்தது. பஞ்சுவின் வரியில் மட்டும் என் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதியிருந்தார்.

நான் அந்த இளைஞரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பக்கத்தை விட்டுட்டு ஜெராக்ஸ் எடுக்கவாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி, அதையும் எடுங்க. அந்தப் பொட்டையோட தாய் வம்சம் உங்ககிட்ட இருக்கு. கணக்குல ஒரு செவிடு கூட வரணும்" என்றேன்.

முக்குக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வரும்போது பொழுது இறங்கிவிட்டது. தனக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி. நோட்டுகளை வருஷ வரிசைப்படி அடுக்கித் துணியில் கட்டிக் கொடுத்துவிட்டு, வண்டியில் மூடிவைத்திருந்த கூடையைக் கொண்டுவந்தார். ஐந்து வாரக் குட்டி, காதில் தவிட்டு நிறத் திட்டு. கோணிச்சாக்கு இருக்கிறதா என்று கேட்டார். நான் எடுத்துவந்து நாலாக மடித்து விரித்துவிட்டு, எதிரே உட்கார்ந்தேன்.